மீட்டிங் இல்லாத ஞாயிறு

இன்று காலை நாமக்கல் பைபாஸ் ஓரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்து லாரி பாடி பட்டறையில் யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய், நண்பா. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாலு பேர் பார்க்க ரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வாரமெல்லாம் லாரிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நகக்கண்ணில் நீலமும் மஞ்சளுமாகக் கோயிலுக்கு வருவாய். நம் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கனும் கிடையாது, பாடகர் குழுவும் கிடையாது. நீ எடுப்பதுதான் சுருதி. பல நாள் எட்டாத உயரத்தில் பிடித்துவிடுவாய். மூன்றாவது சரணத்துக்குள் சபைக்கே தொண்டை கட்டிவிடும். நான் திட்டினால், "ஆண்டவரு கேட்டுக்குவாரு, உனக்கென்னப்பா?" என்பாய். ஏழு ஊர்ச் சபைகளுக்கும் போதகராக ஒரே ஆயர் என்பதால் நம்மிடம் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் நீ பாட, நான் வாசிக்க, ஆராதனை ஒரு குறையுமில்லாமல் நடந்தது.

அதைக் கெடுத்தவன் நான்தான். உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது? கமிட்டிச் செயலாளர் ஆனதும் எனக்குக் கோபுரம் கட்டும் ஆசை பிடித்தது. எல்லோரும் ஒன்றுகூட வேறு நாள் வாய்க்காதென்று, ஆராதனைக்கு முன்னால் மீட்டிங் வைத்தேன். முதல் வாரம் அரைமணி. போகப்போக இரண்டு கட்சியாகி, ஒன்றரை மணி நேரக் கூச்சல். ஒருநாள் வெயில் ஏறிவிட்டதென்று நானே எழுந்து, "இன்னிக்கு ஆராதனைய ஒரு ஜெபத்தோட முடிச்சுக்கலாமுங்க" என்றேன். எல்லோருக்கும் நிம்மதி.

நீ மட்டும் வெளியே வந்து சொன்னாய்: "பேசறதுக்கு டீக்கடை போதும்ப்பா. கும்புடத்தான் கோயிலு."

கோபுரம் என்ன என் ஊட்டுக்கா கட்டுகிறேன் என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். அந்த ஒரு ஜெபமே பிறகு வாராவாரம் வழக்கமாயிற்று. பாட்டெடுக்க உனக்கு இடமில்லாமல் போயிற்று. நீ கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாய். என்னிடம் சண்டைகூடப் போடவில்லை, போட்டிருக்கலாம். உன் அடக்கத்தன்று பாட்டைத் தொடங்க ஆளில்லை. யாரோ செல்போனில் போட்டார்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம்.

கோபுரம் எழும்பிவிட்டது. ரோட்டிலிருந்தே தெரிகிறது. மீட்டிங் மட்டும் நிற்கவில்லை.

போன ஞாயிறு துணிந்து மீட்டிங்கை விட்டுவிட்டேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள். "மீட்டிங் இல்லீங்களா?" என்றார் பொருளாளர். இல்லை, முறைப்படி ஆராதனை நடத்தலாம் என்றேன். "அப்படீங்களா? அப்ப நாங்க வாரோமுங்க" என்று எழுந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாயேது? பழக்கிவிட்டவன் நானல்லவா.

தனியாக ஆரம்பித்தேன். நீ எடுத்துக் கொடுக்காமல் ராகம் பிடிபடவில்லை. பாவ அறிக்கையை மட்டும் ஒரு வரி விடாமல் சொன்னேன், உனக்குச் செய்ததையும் சேர்த்து. அடுத்தது மன்னிப்புக் கூறுதல். அது ஆயர் பாகம், நான் வாசிக்கக்கூடாது. அவர் வர இன்னும் மூன்று வாரம். அங்கேயே நிறுத்திவிட்டு வந்தேன்.

அவர் வந்து சொல்வார். ஆனால் அதை நீயல்லவா சொல்லவேண்டும்.