கண்ணாடி மட்டும் எனக்கு

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் இன்று, எனக்காக எழுதும் நாவலின் கடைசிப் பாகத்தைக் கொடுத்தார். அதில் பேய் இல்லை.

மாதம் ஒரு பாகமாக மூன்று பாகம் பேய் விற்றிருக்கிறேன். பழைய பங்களா, பூட்டிக் கிடக்கும் மாடி அறை, உள்ளேயிருந்து தட்டும் சத்தம், செத்துப்போன தங்கச்சியின் ஆவி. பேருந்து நிலையக் கடைகளில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. இப்போது நான்காவதில் சாவகாசமாகச் சொல்கிறார்: தங்கச்சி சாகவே இல்லையாம். சொத்துக்காக அண்ணன்மார் அடைத்து வைத்திருந்தார்களாம். தட்டினது அவளேதானாம். மாடிப் பக்கம் யாரும் போகாமலிருக்கக் கட்டிவிட்ட கதைதான் பேயாம். கடைசியில் கதவைத் திறக்கும்போது அவளுக்கு உயிர் இல்லை.

பல்லைப் பிடுங்கிப் பழகின கை, பேயையும் பிடுங்கிவிட்டது.

என் அட்டை என்னாவது? கலர் அச்சைத் தனித்தனியாகப் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் நாலு பாகத்து அட்டையையும் ஒரே தாளில் சேர்த்து, கதை முடிவதற்கு முன்பே அடித்துவிடுவேன். நான்காவது அட்டையில் கூடத்து நிலைக்கண்ணாடிக்குள் அவள் நிற்கிறாள். கண்ணாடிக்கு முன்னால் ஆள் இல்லை. கட்டுக்கட்டாக என் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது.

மார்ச் 4

போன் செய்தேன். “முடிவு அதுதான் சார்” என்று வைத்துவிட்டார். எனக்கு மட்டும் வைக்கத் தெரியாதா?

மார்ச் 6, வெள்ளி

நேரில் போனேன். “ஆள் காத்திருக்காங்க சார், டோக்கன் போட்டுக்குங்க” என்றார். போட்டேன். என் முறை வந்ததும் நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சு வைத்துவிட்டு, அப்புறம்தான் பேச ஆரம்பித்தார். இதற்குப் பெயர் பேச்சுவார்த்தையா?

“ஆவி வந்து அண்ணன்களைக் கொன்னுட்டா, படிக்கிறவன் நிம்மதியாப் புத்தகத்தை மூடிடுவான் சார். சமையல்காரி, தோட்டக்காரன், அண்ணிங்க, எல்லாரும்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டாங்க. பேய்னு சொன்னதும் எல்லாருக்கும் வசதியாப் போச்சு. எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டியதில்ல பாருங்க.”

பஞ்சை எடுத்ததும் நான் விடவில்லை. “டாக்டரம்மா, பயப்படத்தான் அவன் காசு குடுக்கிறான். கடைசிப் பக்கத்துல ‘ஏமாந்தியா’ன்னு கேட்டா, புத்தகத்தை என் மூஞ்சியிலதான் எறிவான்.”

“மூணு பாகம் அவன் பயந்தது பொய்யா?”

“பயம் நிஜம். சரக்கு போலி.”

சிரித்தார். கூடவே ஒரு வெடியும் வைத்தார். “முடிவை மாத்தினா என் பேரை எடுத்துடுங்க. உங்க எதிர்க்கம்பெனிக்காரர் விசாரிச்சுக்கிட்டேதான் இருக்கார். கடைவாய்ப் பல்லுல ஓட்டை இருக்கு, அதையும் கவனிங்க.”

என் கடையில் நாலு பேர் எழுதுகிறார்கள். விற்பது இவர் எழுதுவதுதான். அது அவருக்கும் தெரியும். அந்தத் திமிர்.

மார்ச் 7

பிழை திருத்துகிறவரைக் கூப்பிட்டு, ஒரு பேய் முடிவு எழுதித் தரச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தந்துவிட்டார். இடி, மின்னல், கூரை விளக்கு அறுந்து பெரிய அண்ணன் தலையில் விழுகிறது. ஆவி சிரிக்கிறது. நானும் சிரித்தேன் — அங்கேதான் உதைக்கிறது.

இரண்டு முடிவையும் என் மனைவியிடம் கொடுத்தேன். நடைபாதையில் பழைய புத்தகம் விற்ற நாளிலிருந்து, அவள் படிக்காமல் எதையும் நான் விற்றதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பேய் முடிவை வெங்காயம் உரித்துக்கொண்டே படித்து முடித்தாள். டாக்டருடையதைப் படித்தவள் எழுந்து போய், வீட்டிலிருந்த கதவையெல்லாம் திறந்து வைத்தாள். சாமான் அறைக் கதவைக்கூட.

“என்ன, பயந்துட்டியா?”

“பேய்னா எனக்கென்னங்க. இவங்க எல்லாம் மனுஷங்க. மேல அவ தட்டிக்கிட்டிருக்கா, கீழ இவங்க உக்காந்து சாப்பிட்டிருக்காங்க.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமையல்காரி ஒரு தட்டாவது மேலே கொண்டுபோயிருக்கக் கூடாதா? கதையில் வருகிறவள்மேல் கோபப்படுகிற வயசா எனக்கு? ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை.

ஆக, டாக்டர் சொன்னது சரி. ஒப்புக்கொள்ளவே கசக்கிறது.

ஆனால் ஒன்று. இரண்டாம் பாகத்தில் பெரிய அண்ணனின் சின்ன மகள் கூடத்துக் கண்ணாடியில் அத்தையைப் பார்க்கிறாள். பூட்டின அறையில் இருக்கிறவள் கீழே எப்படி வந்தாள்? டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: குழந்தைக்குக் காய்ச்சல், ஏதோ தோற்றம். இதை நான் விடுவதாயில்லை.

“எனக்கும் அது பிடிக்கலங்க” என்றாள் மனைவி. “அந்த வீட்டுல அவளைப் பார்த்தது அந்தப் பிள்ளை ஒண்ணுதான். அதையும் காய்ச்சல்னு சொல்லிட்டா எப்படி?”

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி டோக்கன். “முதல்ல நான் பேசிடுறேன், அப்புறம் பஞ்சு வைங்க” என்றேன். மனைவி சொன்னதை, நானே சொல்வதுபோல, அப்படியே சொன்னேன். டாக்டர் முகமூடியைக் கழற்றினார்.

“வீட்டம்மா சொன்னாங்களா?”

“ஆமா.”

“அதானே பார்த்தேன்.”

பல்லை அடைத்துக்கொண்டே பேசி முடித்தோம். அடைத்ததற்கு முழுக் கட்டணம், சல்லிக்காசு குறைக்கவில்லை.

முடிவானது இது: தட்டும் சத்தம் முழுக்க டாக்டருடையது, அதில் ஆவி கிடையாது. அண்ணன்மாரை எந்தப் பேயும் வந்து தண்டிக்காது. காய்ச்சல் வரி நீக்கப்படும். அட்டை அப்படியே இருக்கும், புத்தக விலையும் பழைய விலைதான். கண்ணாடியில் நின்றது யார் என்று எவர் கேட்டாலும், அவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.