நாலாம் எண் உறை

ஆண்டவருக்குள் பிரியமான மகனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் வீடும் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மருமகளும் என் பேத்தி வாலுவும் அந்த மிஷன் பயிற்சிப் பள்ளியில் சுகமாக இருக்கிறீர்களா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். அதற்காக மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. நீயே வாசி, தனியாக வாசி.

நீ கேட்ட சான்றிதழ்கள் இரண்டையும், உன் ரத்தப் பரிசோதனைப் படிப்பினுடையதையும் மருமகளின் நர்ஸ் படிப்பினுடையதையும், திங்கட்கிழமையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு துணியைச் சுற்றிவிட்டுப் போனார், இப்போது துணியிலிருந்து ஒழுகுகிறது.

சபைச் செயலாளர் இரண்டு தடவை வந்துவிட்டார். பெற்றவள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் மிஷன் யாரையும் கப்பல் ஏற்றாதாம். அதை வழியனுப்பு ஆராதனையில் வாசிப்பார்களாம். நாலு வரி போதும், சந்தோஷமா அனுப்பறேன்னு எழுதுங்கம்மா, மாதிரி வேணும்னா நானே தரேன் என்றார். சந்தோஷத்துக்கு மாதிரி வைத்திருக்கிற மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீங்கள் அந்தத் தீவுக்கு ஊழியத்துக்குப் போக முடிவு செய்த விஷயம் உன் மாமியாருக்குச் செவ்வாய்க்கிழமை தெரியும், எனக்கு வியாழக்கிழமை தெரியும். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

சான்றிதழ் எடுக்க உன் மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன். அடியில் பழுப்புத் தாளில் ஒரு கட்டு. மேலே உன் கையெழுத்தில், செயலாளர் அவர்களுக்கு, தீவிலிருந்து தபால் வராத மாதங்களில் ஒவ்வொன்றாக அம்மாவிடம் சேர்க்கவும் என்று இருந்தது. உள்ளே ஒட்டிய உறைகள். மூலையில் எண். நாலில் தொடங்கி இருபத்து நாலில் முடிகிறது. மூன்று தடவை எண்ணினேன். இருபத்தொன்று.

மகனே, நீ இதை எங்கே பார்த்தாய்? உனக்கு யார் சொன்னது?

உன் பெரிய மாமாவை, என் அண்ணனை, உனக்குக் கோவில் சுவரில் இருக்கிற கல்லாகத்தான் தெரியும். சின்ன வயதில் அந்தக் கல்லைத் தடவி எழுத்துக் கூட்டிப் படித்தவன் நீ. அந்தக் கல்லில் வெட்டியிருக்கிற வருஷம் பொய். இதை நான் நாற்பத்தாறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சத்தியம் செய்திருந்தேன். அவரும் போய்விட்டார், இனி சொல்லலாம்.

அண்ணன் மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். அடுத்த வருஷத்துக் காலண்டரை இந்த வருஷம் ஆடி அசைந்து கோக்காமல் ஆறு மாதம் முன்னாலேயே முடித்துவைக்கிறவன். எதையும் முன்கூட்டிச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. அவனும் அண்ணியும் அவர்களுடைய ஆறு வயது மகள் சிட்டுவும் கடல் தாண்டி ஊழியத்துக்குக் கிளம்பியபோது நீ என் வயிற்றில் இரண்டு மாதம். முதல் மூன்று மாதம் வழியெல்லாம் துறைமுகம், தபால் இருக்கும். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு கப்பல்தான். கடிதம் வராமல் போனால் சபையின் ஜெபம் தளர்ந்துவிடும் என்று நினைத்து, போகுமுன்பே இருபத்தொரு கடிதம் எழுதி ஒட்டி, எண் போட்டு, மாதம் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி மிஷன் அலுவலகக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். நாலில் தொடங்கி இருபத்து நாலு வரைக்கும். எங்கள் யாருக்கும் அப்போது இது தெரியாது, எல்லாம் முடிந்த பிறகு குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது.

மூன்று கடிதம் வந்தது. மடிப்பில் உப்புப் பூத்து, மை கலங்கி, மூக்கில் வைத்தால் மீன் வாடை. நாலாவது வந்தது, சலவைச் சட்டை மாதிரி. நான் அதையும் முகர்ந்து பார்த்தேன். அச்சக மை வாடை. அப்போதே எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது, நீதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கடிதத்தையும் போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பார். நாங்கள் மூவரும் சுகம் என்று தொடங்கும். ஜனங்கள் ஸ்தோத்திரம் என்பார்கள். ஏழாவது கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: சிட்டுவுக்கு மேல்வரிசை முன்பல் விழுந்துவிட்டது, அத்தையிடம் காட்ட வேண்டும் என்று கையில் வைத்துக்கொண்டே திரிகிறாள்.

அந்தப் பல்லை நூல் கட்டி இழுத்தவள் நான். அவர்கள் கப்பல் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால், எங்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் கட்டி. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க என் பின்னாலேயே திரிந்தாள். நிறைமாத வயிற்றோடு எழுந்து நின்று, ஐயா இது பழைய சங்கதி, இவன் அங்கிருந்து எழுதவில்லை, என்னவோ ஆகிவிட்டது, ஆள் அனுப்பிப் பாருங்கள் என்றேன். சபை மூப்பரின் மனைவி திரும்பி, ஏன்டியம்மா, ஒரு பிள்ளைக்கு எத்தனை முன்பல்லுன்னு நீ கணக்கு வச்சிருக்கியா, வயித்துப் பிள்ளைக்கும் சந்தேகத்தை ஊட்டாதே, உக்காரு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். உட்கார்ந்தேன். அவள் செத்தபோது வீட்டுக்குப் போனேன். பெட்டியில் படுத்திருந்தாள், வாயில் ஒரு பல்கூட இல்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும், குனிந்து எண்ணித்தான் பார்த்தேன்.

இருபதாவது கடிதம் இன்னும் என் காதில் இருக்கிறது. தங்கச்சி, உன் மகன் இந்நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பானே என்று எழுதியிருந்தான். அந்த வாரம்தான் நீ நடந்தாய், சுவரைப் பிடித்துக்கொண்டு. மகன் என்று அவனுக்கு யார் சொன்னது? நான் உன்னை வாரிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். யார் வந்துவிடுவார்கள் என்று சாத்தினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இருபத்து நாலாவது வாசித்து முடித்த மறுமாதம், புதிதாகப் போன ஊழியர் ஒருவர் எழுதினார். மூன்று கல்லறை மேடு இருக்கிறதாம், சின்னது நடுவில். காய்ச்சல். கரை இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். அதாவது நாலாவது கடிதம் வாசிக்கும்போதே மூன்று பேரும் இல்லை. இருபத்தொரு ஞாயிறு நாங்கள் செத்தவனின் சுகச் செய்தி கேட்டு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறோம். நான் சொன்ன அன்றைக்கே ஆள் போயிருந்தாலும் உயிர் வந்திருக்காது, தெரியும். ஆனால் நான் என் அண்ணனுக்கு அழ வேண்டிய நாளில் அழுதிருப்பேன். சபைக்கு வெட்கம். போதகர் கடிதங்களை எல்லாம் வாங்கி அடுப்பில் போட்டார். கல்லில் கடைசிக் கடிதத்தின் வருஷத்தையே வெட்டினார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

செயலாளரிடம் மெதுவாகக் கேட்டேன், இப்படி முன்கூட்டி எழுதிவைக்கச் சொல்லி நீங்கள் யாருக்காவது சொல்லிக்கொடுப்பதுண்டா என்று. அப்படி ஒரு பழக்கமே கிடையாதும்மா, யாராவது அப்படிச் செய்வாங்களா என்று சிரித்தார்.

உன் உறைகளில் ஒன்றைத் திறந்தேன். திட்டிக்கொள். ஒன்பதாம் எண். நாங்கள் மூவரும் சுகம் என்று தொடங்கியிருக்கிறாய். ஆறாவது வரியில், வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது அம்மா, பாட்டியிடம் காட்ட வேண்டும் என்று கையில் வைத்துக்கொண்டே திரிகிறாள்.

புதன்கிழமை நான் போன் செய்து பிள்ளையிடம் மட்டும் பேச வேண்டும் என்றேனே, இதற்குத்தான். முன்பல்லை ஆட்டிப் பாருடி என்றேன். ஆட்டிவிட்டு, ஆடவே இல்ல பாட்டி, கல்லு மாதிரி இருக்கு என்றாள். அப்புறம் தானாகவே, விழுந்தா உங்கிட்ட காட்டறேன், கையிலயே வச்சிருப்பேன் என்றாள். நான் போனை வைத்துவிட்டு ஒன்பதாம் கடிதத்தை எடுத்து அந்த ஆறாவது வரியை மறுபடி வாசித்தேன்.

நீ ஏன் எழுதினாய் என்று எனக்குப் புரிகிறது. அந்தத் தீவில் போன் எடுக்காது, கிழவி பயப்படுவாள் என்று எழுதினாய். உன்னை மட்டும் என்ன சொல்ல? நேற்று நானும் ஒரு தாளை எடுத்து, அம்மா சுகம், குழாயைச் சரிசெய்தாகிவிட்டது என்று அடுத்த மழைக்காலத்துக்குத் தேதி போட்டு எழுதிப்பார்த்தேன். நான் போய்விட்டாலும் நீங்கள் ஊழியத்தை விட்டுவிட்டு ஓடிவரக் கூடாதே என்றுதான். நாலு வரி எழுதியதும் நிறுத்திவிட்டேன். அதை எழுதுகிறவள் நான் இல்லை என்று தோன்றியது. கிழித்து, அடுப்பில் போட்டேன்.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செயலாளரின் மாதிரி இல்லை, என் சொந்த வரிகள். அந்தத் தீவு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க ஆள் இல்லாமல் ஜனங்கள் சாகிறார்கள் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆண்டவர் கூப்பிட்டால் போ. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் உன் கட்டு என்னிடம்தான் இருக்கிறது, செயலாளரிடம் போகாது. ஒன்பதைத் தவிர எதையும் பிரிக்கவில்லை. நீங்கள் திரும்பி வந்ததும் நாம் நால்வரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எரிப்போம். அதுவரை கடிதம் வராத மாதத்தில் எனக்குக் கடிதம் வர வேண்டாம். வராவிட்டால் பயந்துகொள்கிறேன். பயப்பட எனக்கு உரிமை உண்டு, அதைப் பிடுங்காதே.

எழுதும்போது அழுக்குக் கையோடு எழுது. மழை பெய்தால் ஒரு சொட்டு விழட்டும். வாலுவின் பல் விழுந்தால் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. பல்லையே உறையில் போட்டு அனுப்பு. அதை மட்டும் யாராலும் முன்கூட்டி அனுப்ப முடியாது.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. அதிலும் வரத்தை.

வாசலைப் பார்த்திருக்கும்,
உன் அம்மா