சின்யோராவின் காதும் என் புழுப்பாம்பும்

ஒக்டோபர் 14, செவ்வாய்

இன்றோடு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

நான் வேலை செய்யும் சின்யோரா அம்மாவின் வீட்டுப் பால்கனியில் என் கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தியபோது, மண்ணிலிருந்து கறுப்பாக ஒன்று நெளிந்து வந்தது. புழு என்றார் சின்யோரா. எனக்குத் தெரியாதா? அது எங்கள் ஊர்ப் புழுப்பாம்பு. பல்லரோ சந்தையில் எங்கள் ஊர்க்காரர் கடையில் வாங்கிய தொட்டிக்குள் ஒளிந்து, பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி எதுவும் இல்லாமல் பலேர்மோ வந்து சேர்ந்திருக்கிறது.

கடிக்குமா என்று கேட்டார். கடிக்காது, விஷமும் இல்லை, ஆனால் காதுக்குள் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இங்கே தங்கி வேலை செய்யத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சின்யோரா தன் காதுக் கருவியைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள ஏற்கெனவே ஆள் இருக்கு. அதுக்கு இடமில்லை."

பிறகு ஃபோனில் தேடி வாசித்துக் காட்டினேன். இந்தப் பாம்பில் ஆணே கிடையாதாம். ஒன்று தனியாகவே முட்டையிட்டுப் பெருகுமாம். இவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் சின்யோராவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "மண்ணைப் போட்டு மூடு. அதுக்குக் குளிரும்," என்றார்.

வேலை முடிந்ததும் மன்னாருக்கு ஃபோன் எடுத்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஆணே தேவையில்லையோ? அப்ப நான் அங்கை வாறதோ, விடுறதோ?"

"அது பாம்புக்கு. நீங்கள் கெதியா வாங்கோ."

சிரித்தார். அவருடைய விசா இழுபடத் தொடங்கிய பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது இன்றுதான்.

படுக்கப் போகிறேன். காதில் பஞ்சு வைத்திருக்கிறேன், எதற்கும்.