அண்ணனுக்குத் தர முடியாத சிறுநீரகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணனுக்கு டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறதா?

அவனுக்குச் சிறுநீரகம் தரப் பரிசோதனைக்குப் போனேன். ரத்தம் பொருந்திவிட்டது. ஆனால் டாக்டர், "உங்களுதே பாதிதாங்க வேலை செய்யுது. தண்ணியே குடிக்க மாட்டீங்களா? வலி மாத்திரை நிறையப் போடுவீங்களா?" என்றார்.

எட்டு வருடமாக இந்த இரும்பாலையில் உலை முன்னால் நிற்கிறேன். ஒன்றுக்குப் போனாலே மேஸ்திரி கத்துவான் என்று தண்ணீரைக் குறைத்தேன். இடுப்பு வலிக்கு மாத்திரையை அள்ளிக் கொடுத்தவனும் அவன்தான். டாக்டர் சீட்டைக் காட்டி வேறு வேலை கேட்டதற்கு, "உலைக்கு ஆகாதவன் ஊருக்குப் போய்ச் சேரு" என்றான்.

நீ பயப்படாதே. உப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைத்து, அந்த மாத்திரையை விட்டுவிட்டால் பல வருடம் தாக்குப்பிடிக்கலாமாம். உப்புக் குறைத்தும் அண்ணன் சாப்பிடும்படி அண்ணி எப்படிச் சமைக்கிறாள் என்று கேட்டு எழுது. தனியாகச் சமைத்துத் தின்பது தொண்டையில் இறங்கவில்லை.

அண்ணனிடம் உண்மையைச் சொல்லாதே, நொறுங்கிவிடுவான். தம்பிக்கு மனசு வரவில்லை என்று சொல்லிவிடு. திட்டட்டும். என்னைத் திட்டவாவது அவனுக்குத் தெம்பு வரட்டும்.

சங்கு ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் சின்னவன்