செம்பருந்துச் சின்னம்

9 நவம்பர் 1936, தக்கலை

தையல் வகுப்பு முடிந்து வந்தேன். என் வீட்டுக்காரர் வெள்ளைத்தாளை விரித்துக் காத்திருந்தார். கராச்சியில், விமானப்படையில் மெக்கானிக். விடுப்பில் வந்திருக்கிறார். அவருடைய படைப்பிரிவுக்குச் சின்னம் வேண்டுமாம்; யாரும் வரைந்து கொடுக்கலாமாம்.

"ஏட்டி ஜெபா, ஒனக்கு வரைய வரும்லா?"

"ஒங்க விமானம் என்ன செய்யும்? அதச் சொன்னாத்தான் வரைய முடியும்."

"பஞ்சம் புடிச்ச மலை ஊருக்குத் தானிய மூட்டை போடுவோம்."

கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் தன் வேலையைப் பற்றி அவர் வாய் திறந்தது இன்றைக்குத்தான்.

14 நவம்பர்

வட்டம், மேலே கிரீடம். அது கட்டாயமாம். நடுவில் வட்டக்கோட்டைக் கடல்மேல் சுற்றுமே, அந்தச் செம்பருந்து. விரிந்த சிறகு காவலுக்கு. மடங்கிய நகம் இரக்கத்துக்கு. காலில் நெற்கதிர். பட்டுநூலில் தைத்தும் கொடுத்தேன்.

20 செப்டம்பர் 1937

கராச்சியிலிருந்து கடிதம்: சின்னம் தேர்வாகிவிட்டது! அவர் அம்மா, என் மாமி, தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

24 டிசம்பர்

வந்துவிட்டார். சட்டையில் என் பருந்து. ஆனால் நகங்கள் விரிந்திருக்கின்றன. கதிர் இருந்த இடத்தில் தீப்பந்தம்.

"கதிர் எங்க?"

"கதிரக் கண்டா எவன் பயப்படுவான், ஏட்டி?"

"தானியம் போடுறதுக்கு எதுக்குப் பயப்படணும்?"

அவர் சிரிப்பு நின்றது. "குண்டுதான் போடுதோம். அடங்காத ஊருமேல. மொதல்ல நோட்டீசு போடுவோம், ஓடிப்போவட்டும்னு. பொறவுதான்…"

"சின்னப் பிள்ளைகளு?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார்.

25 டிசம்பர்

கோயிலில் எல்லோரும் அந்தச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். "நானே வரஞ்சேன்" என்றார் உபதேசியாரிடம். பக்கத்தில்தான் நின்றேன். அது போகட்டும். அந்தத் தானியம் பசித்தவர்கள் கையில் சேர வேண்டும் என்று ஒரு வருடமாக ஜெபம் பண்ணினேனே — முழங்கால் போட்டு, தினமும்! ஆண்டவரே, அதை நீர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தீர்?

29 டிசம்பர்

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"நெசத்தச் சொன்னா நீ வரஞ்சிருப்பியா?"

மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பொய் சொல்லியிருக்கிறார்.

6 ஜனவரி 1938

இந்தத் தடவை என்னையும் கராச்சிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. காலையில் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"பொறப்படலியா?"

"தையல் வகுப்பு இருக்கு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பிறகு தனியாக இறங்கி நடந்தார். பஸ் ஏற்றிவிட மாமிதான் போனார்கள். திரும்பி வந்து இரண்டு பேருக்குக் கஞ்சி வைத்தார்கள்.