பாட்டு அறுந்தால் உட்கார்

மண்ணச்சநல்லூர்,
3.2.1968

அருமை மகள் பவுனம்மாளுக்கு, அப்பா மருதை சொல்லச் சொல்ல நம் கம்பவுண்டர் அற்புதசாமி எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளை வீரமலைக்கும் சம்பந்தியம்மாள் வள்ளிக்கண்ணுவுக்கும் சமயபுரத்தாள் துணையிருக்கட்டும். நானும் உன் அம்மாவும் சுகம்.

அரியலூரில் ரயில் மருதையாற்றுக்குள் விழுந்ததே, அதற்கு அடுத்த வருசம். நயா பைசா புதிதாக வந்து, சந்தையில் கீரைக்காரி முதற்கொண்டு எல்லோரும் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த சித்திரை மாதம். அப்போதுதான் உனக்குக் காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கியது. அந்த வீக்கம் ஒரு மூட்டை விட்டு இன்னொரு மூட்டுக்கு ஓடியது. உனக்குப் பதினாலு வயது. புத்தூரில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். காய்ச்சல் போய்விடும், ஆனால் இருதயத்துக்குள் ஒரு கதவு கெட்டிருக்கிறது, இனி ஆயுசுக்கும் அது அப்படித்தான், மாதம் தவறாமல் ஊசி போட வேண்டும் என்றார். உன் அம்மா அழுதாள். நீயோ, "அப்ப ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துக்கு எப்பங்க போகலாம்?" என்று கேட்டாய்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா, எதற்கு இப்போது என்பாய். போன வாரம் வந்த உன் கடிதத்தை அற்புதசாமியை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். பம்பாயில் குளிர் விட்டது, மாப்பிள்ளைக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட், விடியலில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து மூன்று மாடி ஏற்றுகிறேன் என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி தூரமாக இருப்பதால் தீபாவளியோடு ஊசியை நிறுத்திவிட்டாய், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் ஒரு வரி இருந்தது. "இப்பல்லாம் பாடறதே இல்லைப்பா, வேலைக்கே நேரம் சரியா இருக்கு." அந்த இடத்தில் அற்புதசாமி கடிதத்தைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. களை பறிக்கும்போது பாடினவள் நீ. கல்யாணத்தன்று தலையில் பூ வைக்க வந்தவர்கள், வாயை மூடடி என்று அதட்ட வேண்டியிருந்தது. பாடுவதற்கென்று உனக்குத் தனியாக நேரம் வேண்டுமா, பவுனு?

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். மாப்பிள்ளையும் இந்தக் கடிதத்தைப் படிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். ஊசிக்கு வரும் பிள்ளைகளில் ஒரே வயதுக்காரர்கள் மூன்று பேர். நீ, பாலக்கரை சாரா பீவியின் மகள் மஜீதா, பொன்மலை தைரியராஜ். மூவருக்கும் ஒரே வியாதி. ஓடாதே, குதிக்காதே, பாரம் தூக்காதே என்று டாக்டரம்மா சொல்லும்போது மூன்று தலையும் ஆடும். கேட்டைத் தாண்டியதும் பஸ்ஸைப் பிடிக்க மூன்று பேரும் ஓட்டம். கேட்டால் மஜீதா வாயாடுவாள். "ஓடாதேன்னா எம்புட்டு ஓடாதே? நடக்கலாமா, நகரலாமா? உங்களை மாதிரி நாற்காலியிலயே குந்தியிருக்கணுமா?" என்று, ஊசி போட்ட நம் அற்புதசாமியிடமே கேட்டாள்.

இவர் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிற மனுசர். அடுத்த மாதம் ஊசி போட்டதும் உங்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். பெட்டியைத் திறந்து, கும்மி மெட்டில் தானே கட்டிய பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

மெல்லப் போடி மாட்டு வண்டி, மேட்டுப் பாதை நிக்குது,
உள்ளே உள்ள சக்கரம் ஒண்ணு ஓஞ்சு ஓஞ்சு சுத்துது.

பாடிக்கொண்டே நடக்க வேண்டும், பாடிக்கொண்டே குடம் தூக்க வேண்டும் என்றார். ஒரு வரியை ஒரே மூச்சில் பாட முடிகிற வரைக்கும் உன் நெஞ்சு உன்னோடு வருகிறது. வரி நடுவில் அறுந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடு. திரும்பப் பாடிப் பார், வரி முழுசாக வந்த பிறகு எழுந்திரு. இதுதான் சட்டம். டாக்டரம்மாவும் கேட்டுச் சிரித்து, அப்படியே செய்யுங்கள் என்றார். இந்தக் காய்ச்சல் தொண்டை வலியில்தான் திரும்பும், அதனால் தொண்டை வலித்தால் வீட்டில் மறைக்காதே என்று அதில் ஓர் அடி, ஊசி நாளை மறக்காதே என்று இன்னோர் அடி வரும். அதெல்லாம் இவர் கட்டியது. நீங்கள் மூவரும் சேர்ந்து கட்டியது ஒன்று உண்டே:

ஊசி போடும் ஐயாவுக்கு உரல் மாதிரி தொந்தி,
ஓடச் சொன்னா உட்காருவார் எங்களுக்கு முந்தி.

இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்தார். நான் சொன்னபடி எழுதுவதாகத்தானே பேச்சு, எழுதுங்க சாமி என்றேன். எழுதிவிட்டார். முகம் மட்டும் உர்ரென்று இருக்கிறது.

மறுவருசம் ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபம் போக வேண்டும் என்று மூன்று பேரும் அடம் பிடித்தீர்கள். சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, காவிரிப் பாலத்தில் நடந்தோம். கீழே கரை கொள்ளாத தண்ணீர், மேலே திருவிழாக் கூட்டம். பாதிப் பாலத்தில் உனக்கு வரி அறுந்தது. கூச்சப்படாமல் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தாய். "நடுப்பாலத்துல என்னாடி குந்தல், எந்திரி!" என்று ஒரு தேங்காய்க்காரி வைதாள். "இருங்க அத்தே, எங்க வண்டிக்கு மாடு படுத்துக்கிச்சு" என்று மஜீதாவும் உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தைரியராஜ் மட்டும் பாடிக்கொண்டே விறுவிறுவென்று முன்னால் போனான். மஜீதா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கத்தினாள்: "டேய், வாய்தான் அசையுது, சத்தத்தைக் காணோம்! உனக்குப் பதிலா காவேரியா பாடுது?" அவன் திரும்பி வந்தான். உதடு நீலம் பூத்திருந்தது. "தொண்டை கட்டிக்கிச்சு மாமா, வேற ஒண்ணுமில்ல" என்றான். நான் அவனை இழுத்து உட்காரவைத்தேன். உன் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அங்கேயே அவிழ்த்தோம். அந்த வருசம் நமக்கு அம்மா மண்டபம் நடுப்பாலத்துக்கே வந்துவிட்டது.

சீனாக்காரன் சண்டை முடிந்த கையோடு மஜீதா போனாள். அவள் ஒரு ஊசியைக்கூடத் தப்பவிட்டவளில்லை. பாட்டு தெரிந்தவர்களுக்குச் சாவு வராது என்று அற்புதசாமி அன்றும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இருந்த நாளெல்லாம் அவள் நடமாடினாள். தையல் படித்தாள், அண்ணன் கல்யாணத்தில் பாடினாள், நம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவோடு சண்டை போட்டுக் குழம்பு வைத்தாள். என் மகள் படுக்கையில் கிடந்தது கொஞ்ச நாள்தான் மருதையண்ணே என்று சாரா பீவி இப்போதும் சொல்கிறாள்.

இனிமேல் சொல்வதை எழுத வேண்டாம் என்று உன் அம்மா தடுத்தாள். நீ பயந்துவிடுவாயாம். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் தைரியராஜுக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். வியாதிக்காரன் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவனாகவே நினைத்துக்கொண்டு ஊசிக்கு வருவதை விட்டுவிட்டான். இவர் அவனைத் தேடி வீட்டுக்குப் போனால் பின்கட்டு வழியாக நழுவுவான். கார்த்திகையில் என்னைப் பார்க்க வந்தான். நம் தெரு முனையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றான். ஒரு வரி பாடுடா என்றேன். "போங்க மாமா, நான் என்ன இன்னும் சின்னப்புள்ளையா?" என்று சிரித்தான். உன்னையும் விசாரித்தான். பொங்கலுக்கு வருகிறேன் என்று போனவன் வரவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரமே அவனைப் பொன்மலையில் அடக்கம் செய்துவிட்டோம்.

மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. பெண் கேட்டு வந்த அன்றே இவள் உடம்பைப் பற்றிச் சொன்னேன். நான் பார்த்துக்கிறேன் மாமா என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அத்தனை தூரம் அனுப்பினேன். ஷிப்ட் விட்டு வரும்போது குடத்தை நீங்கள் தூக்கிவிடுங்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைத்தால் சின்னதாக இருந்தாலும் போதும். ஊசியைப் பற்றி அங்குள்ள டாக்டருக்கு அற்புதசாமி தனியாக ஒரு சீட்டு எழுதி இதோடு வைக்கிறார். இந்த வாரமே அவளைக் கூட்டிப்போங்கள். சம்பந்தியம்மாவிடம் நான் கும்பிட்டுக் கேட்டதாகச் சொல்லுங்கள். என் மகள் படியில் உட்கார்ந்தால் அது சோம்பல் இல்லை தாயி.

பவுனு, மூன்று மாடியில் எந்தப் படியில் வரி அறுகிறதோ அந்தப் படியில் உட்காரு. போகிற வருகிறவர்கள் பாஷை புரியாமல் சிரித்தால் சிரிக்கட்டும். அறுகிறது என்பதை மட்டும் எங்களிடம் மறைக்காதே. நீ திட்டி எழுதினாலும் சரி, எழுது கண்ணு.

சமயபுரத்தாள் முன்னால் சூடம் கொளுத்தும்போதெல்லாம் மூன்று பெயர் சொல்லித்தான் கும்பிடுவேன். சாயபு வீட்டுப் பெண், வேதக்காரப் பையன் என்றெல்லாம் ஆத்தா பார்க்க மாட்டாள். மஜீதா போன பிறகு இரண்டு பெயர் சொன்னேன். நேற்று வெள்ளிக்கிழமை, சூடம் எரிகிறது, வாயைத் திறக்கிறேன், சொல்வதற்கு ஒரு பெயர்தான் இருக்கிறது.

பவுனம்மாள்.