மண்டகப்படியும் ஜப்பானும்

இன்று காலை ஐந்தருவிப் பக்கம் சாரலில் நடந்தபோது, டீக்கடையில் உளுந்த வடை வேகும் மணம் வந்தது. உடனே உன் ஞாபகம். தினமும் நடையை முடித்துத் தோழிகள் நாம் இருவரும் உட்கார்ந்த கடை அது. கடைக்காரர் பேப்பரை உன்னிடம் நீட்டி, "இன்னைக்கு எந்த நாட்ட வச்சு சண்டைக்கா?" என்பார்.

நம் கடைசிச் சண்டை ஜப்பானைப் பற்றி. ஒரு காலத்தில் உலகச் சந்தையையே மிரட்டிய நாடு, இப்போது வயதாகி, பொருளாதார வரிசையில் இடம் இறங்கி, ரயிலுக்கும் தொழிற்சாலைக்கும் நாடு நாடாக முதலீடு செய்கிறதே, பழைய செல்வாக்கு திரும்புமா என்று கேட்டேன். நீ வடையைப் பிட்டபடி, பண்பொழிப் பக்கம் உன் பிறந்த ஊரில் நடந்ததைச் சொன்னாய். நொடித்துப்போய் மும்பைக்குப் போன குடும்பம் ஒன்று, துட்டோடு திரும்பி வந்து, கோயில் திருவிழாவில் தங்கள் கைவிட்டுப்போன மண்டகப்படி நாளைக் கேட்டு வாங்கியது. மேளம், விளக்கு, சாப்பாடு எல்லாம் அன்று அவர்கள் செலவு.

"ஊரே போயி வயிறு முட்டத் தின்னுச்சு. மறுவாரம் குளத்துத் தண்ணிக்குப் பஞ்சாயத்து கூடுனப்ப அவுகள ஒரு வார்த்தை கேட்டாவளா? துட்டு இருந்தா இலை போடலாம்ட்டி, பேச்சு எடுபடாது."

நான் விடவில்லை. நீயே முன்பு சொன்னபடி, அதே வீட்டு மருமகள் தையல் யூனிட் தொடங்கிய பிறகு, அங்கே வேலை பார்க்கும் பெண்கள் வீட்டுக் கல்யாணம்கூட அவளைக் கேட்டுத்தானே நடக்கிறது என்றேன்.

"அப்ப, சோறு போட்டது எடுபடல, வேலை கத்துக்குடுத்தது எடுபட்டிருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக வேலைய விட்டு நின்னுட்டா அவ கதி என்ன? யாரு பிடி யாரு கையில இருக்குன்னு யோசிச்சிட்டு வா, நாளைக்குப் பேசுவோம்" என்றாய். மறுநாள் நீ வரவில்லை. விடியும் முன்பே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாயாம்.

இப்போது என் மகளுக்கு ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சில வருடம் அங்கேயே இருக்க வேண்டும். "சரிஞ்சுகிட்டிருக்க நாட்ட நம்பிப் போகலாமாம்மா?" என்று கேட்டாள். ஒரே பிள்ளை, எனக்கு அனுப்பவே மனமில்லை. ஆனாலும் யாரு பிடி யாரு கையில என்ற உன் கேள்வியைத்தான் அவளிடம் போட்டேன். அவள் சிரித்தாள். "அங்கன ஆளே கொறஞ்சு போச்சும்மா. பழைய இடத்தப் பிடிக்க எங்கள மாதிரி ஆளு வேணும் அவுகளுக்கு. பாதிப் பிடி எங்க கையிலதான்."

போய் வா என்று சொல்லிவிட்டேன். நல்ல முடிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. "நில்லுட்டி, இன்னொண்ணு கேக்கேன்" என்று நீ குறுக்கே பேச வேண்டும். இப்போதெல்லாம் எதைத் தீர்மானித்தாலும் அந்த இன்னொன்றை நானே கேட்டுக்கொள்கிறேன். மகள் விஷயத்தில் மட்டும், போகாதே என்று சொல்லிவிடுவேனோ என்று, கேட்கப் பயமாக இருக்கிறது.